கம்பும் இரும்பும்

வடநாட்டுக் கடைகளில் நாம் வாங்கும் பாஜ்ரா நம் ஊர்க் கம்பேயாகும். ஆயினும் கம்பெல்லாம் ஒன்றல்ல. ஒரே நிலத்தில் ஒரே எருவிட்டு வளர்த்தாலும் மணியில் சேரும் இரும்பு வகைக்கு வகை வேறுபடும். வேர் இரும்பை உறிஞ்சுவதும் மணிக்குச் சேர்ப்பதும் வித்தின் வழிவழிக் குணங்களாம்.

ஆப்பிரிக்காவின் தோகோ நாட்டுக் கம்பின் வழிவந்த ஒரு வகையுள், இரும்பு மிக்க செடிகளின் வித்தையே தேர்ந்து பெருக்கி, ஐதராபாத்தை அடுத்த இக்ரிசாட் நிலையத்தாரும் மகாராஷ்டிர வேளாண் அறிஞரும் 2012-இல் அளித்ததே ‘தனசக்தி’. கிலோவுக்கு ஏறத்தாழ 71 மில்லிகிராம் இரும்பு அதில் உண்டு. புதிய வகைகளுக்கு 2018-இல் வகுத்த கீழெல்லையோ 42 தான். சோகை மலிந்த நாட்டில் இது சிறு வேறுபாடன்று.

மணியின் இரும்பனைத்தும் உடலில் சேராது. அதிலுள்ள பைட்டிக் அமிலம் தடுக்கும். இரவில் புளிக்கவைத்த கூழில் அத்தடை தளரும்; ரொட்டி உண்போர் எலுமிச்சை சேர்த்துக்கொள்ளலாம்.