இங்கிலீஷ் தேர்வில் 20 மார்க் கேள்வித்தாளிலேயே இருக்கு! 10-ம் வகுப்பு மாணவர்கள் அள்ளுவது எப்படி?

வில்லியனூர்,

கைடு வாங்கி விடிய விடிய மனப்பாடம் செய்தாலும் ஒரு வரி கூட உதவாத பகுதி ஒன்று 10-ம் வகுப்பு சி.பி.எஸ்.இ. ஆங்கிலத் தேர்வில் இருக்கிறது. அதுதான் 'பேசேஜ்' கேள்வி. பாடப்புத்தகத்தில் இல்லாத ஒரு பத்தியை கொடுத்து, அதை படித்து பதில் எழுதச் சொல்வார்கள். இதற்கு மட்டும் 20 மதிப்பெண்.

'நடத்தாததை கேட்டுட்டாங்க' என்று இந்த பக்கத்தை பார்த்ததுமே பயந்து, கடைசியில் பார்த்துக்கலாம் என்று தள்ளிப்போடும் மாணவர்கள் உண்டு. ஆனால் மொத்த தேர்விலும் பதிலை கையிலேயே கொடுத்துவிட்டு கேள்வி கேட்கும் பகுதி இது ஒன்றுதான்.

பாடத்திட்டம் மாறியது

புதுவை, காரைக்கால் அரசுப் பள்ளிகளில் 2024-ம் ஆண்டு வரை 10, 12-ம் வகுப்பு மாணவர்கள் தமிழக பாடத்திட்டத்தில் பொதுத்தேர்வு எழுதினார்கள். 2023-24 கல்வி ஆண்டில் 6 முதல் 9-ம் வகுப்பு வரையும், பிளஸ்-1 வகுப்பிலும் சி.பி.எஸ்.இ. பாடத்திட்டம் கொண்டுவரப்பட்டது. அந்த மாணவர்கள் 2025-ம் ஆண்டு முதன்முறையாக சி.பி.எஸ்.இ. பொதுத்தேர்வு எழுதினார்கள்.

வில்லியனூர், பாகூர் கொம்யூன்களில் வயல் வேலைக்கும், கட்டிட வேலைக்கும், சேதராப்பட்டு கம்பெனிகளுக்கும் போகும் குடும்பங்களின் பிள்ளைகள் பலர் இந்த தேர்வைத்தான் எழுதுகிறார்கள். தனி டியூஷனுக்கு பணம் கட்ட முடியாத வீடுகளுக்கு பேசேஜ் பகுதி ஒரு வரப்பிரசாதம். காரணம், இதற்கு நோட்ஸ் தேவையில்லை. பழக்கம் இருந்தால் போதும்.

மார்க் கணக்கு

10-ம் வகுப்பு ஆங்கில எழுத்துத் தேர்வு 80 மதிப்பெண்ணுக்கு நடக்கிறது. பள்ளியில் போடும் அகமதிப்பீடு 20. இரண்டும் சேர்த்து 33 எடுத்தால் பாஸ். அகமதிப்பீட்டில் 15 வாங்கிய ஒரு மாணவனுக்கு எழுத்துத் தேர்வில் 18 தேவை. பேசேஜ் பகுதியில் 12 எடுத்துவிட்டால், பாக்கி 60 மதிப்பெண்ணில் 6 எடுத்தாலே கரை சேர்ந்துவிடலாம்.

பிளஸ்-2 மாணவர்களுக்கு எழுத்துத் தேர்வில் தனியாக 33 சதவீதம் எடுக்க வேண்டும். அங்கு இந்த பகுதிக்கு 22 மதிப்பெண்.

10-ம் வகுப்பில் 2 பேசேஜ் வரும். ஒவ்வொன்றுக்கும் 10 மதிப்பெண். முதலாவது 400 முதல் 450 வார்த்தைகள் கொண்ட கட்டுரை. இரண்டாவது 200 முதல் 250 வார்த்தைகள். அதில் பட்டை வரைபடம், அட்டவணை போன்ற ஏதாவது ஒரு புள்ளிவிவரமும் இருக்கும்.

ஒரு மாதிரி பார்ப்போமா?

தேர்வில் எல்லாம் ஆங்கிலத்தில்தான் இருக்கும். வித்தை புரிவதற்காக நம்ம ஊர் விஷயம் ஒன்றை தமிழிலேயே பார்ப்போம்.

'பாகூரில் 1100 ஆண்டுகளுக்கு முன்பே ஒரு உயர்கல்விக்கூடம் இருந்தது. வித்யாஸ்தானம் எனப்பட்ட அதற்கு பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மன் தனது 8-ம் ஆட்சியாண்டில் 3 ஊர்களை தானமாக வழங்கினான். ஒரு சிற்றரசன் கேட்டுக்கொண்டதால் இந்த தானம் செய்யப்பட்டது. இந்த விவரம் பாகூர் செப்பேட்டில் சமஸ்கிருதத்திலும், தமிழிலும் பொறிக்கப்பட்டுள்ளது.'

கேள்வி 1: எத்தனை ஊர்கள் தானம் தரப்பட்டன?

3 ஊர்கள். பத்தியில் நேராக இருக்கிறது. கண்ணை ஓட்டினால் கிடைத்துவிடும்.

கேள்வி 2: தானம் தரும்படி கேட்டது யார்?

அவசரக்காரர்கள் மன்னன் பெயரை எழுதிவிடுவார்கள். தந்தவன் மன்னன், கேட்டவன் சிற்றரசன். மதிப்பெண் போவது இப்படித்தான். கேள்வியில் உள்ள வினைச்சொல்லை கவனிக்க வேண்டும்.

கேள்வி 3: வித்யாஸ்தானம் என்றால் என்ன?

அகராதி தேவையில்லை. முந்தைய வரியிலேயே 'உயர்கல்விக்கூடம்' என்று இருக்கிறது. தெரியாத வார்த்தை வந்தால் அதற்கு முன்னும் பின்னும் உள்ள வரியை பார்த்தால், பெரும்பாலும் அர்த்தம் பிடிபடும்.

கேள்வி 4: அந்தக் கால ஆட்சியாளர்கள் கல்வியை எப்படி மதித்தார்கள்?

இந்த பதில் எழுத்தில் இல்லை. ஆனால் ஒரு கல்விக்கூடத்துக்கு 3 ஊர்களையே தானம் கொடுத்திருக்கிறார்கள் என்றால் கல்விக்கு பெரிய மரியாதை இருந்தது என்று நாமே புரிந்துகொள்ளலாம். இதைத்தான் ஆங்கிலத்தில் 'இன்ஃபர்' என்று கேட்பார்கள். பதிலோடு அதற்கான ஆதாரத்தையும் பத்தியில் இருந்து காட்ட வேண்டும்.

கேள்வி 5: அங்கு எத்தனை மாணவர்கள் படித்தார்கள்?

பத்தியில் இல்லை. சொந்தமாக கணக்கு போடக்கூடாது. கொடுத்துள்ள விடைகளில் 'குறிப்பிடப்படவில்லை' என்று இருந்தால் அதுதான் சரி. உங்களுக்கு வெளியே என்ன தெரியும் என்பது இங்கு கேள்வியே இல்லை. பத்தியில் என்ன இருக்கிறது என்பதுதான் கேள்வி.

கேள்வியை முதலில் படிங்க

காலை 10.15 மணிக்கு கேள்வித்தாள் கையில் கிடைக்கும். 10.30 மணிக்குத்தான் எழுத ஆரம்பிக்க வேண்டும். இந்த 15 நிமிடம் படிப்பதற்காகவே தரப்படுகிறது. அதில் பேசேஜ் கேள்விகளை முதலில் படித்துவிட வேண்டும். என்ன தேடுகிறோம் என்று தெரிந்த பிறகு பத்தியை படித்தால் பதில் இருக்கும் வரி தானாக கண்ணில் படும்.

முதல் முறை நிறுத்தாமல் கடைசி வரை படிக்க வேண்டும். புரியாத வார்த்தையில் தேங்கி நிற்கக்கூடாது. எழுதும் நேரத்தில் இரண்டாவது முறை கேள்வி வாரியாக தேடி, பதில் உள்ள இடத்தில் பென்சிலால் கோடு போட வேண்டும்.

'ஹூ' என்றால் ஆள், 'வென்' என்றால் நேரம், 'வேர்' என்றால் இடம், 'வை' என்றால் காரணம். 'நாட்', 'எக்செப்ட்' என்ற வார்த்தைகள் கேள்வியில் இருந்தால் வட்டம் போடுங்கள். அவை கேள்வியையே தலைகீழாக மாற்றிவிடும். 'பட்', 'ஹவெவர்' வந்தால் அடுத்து சொல்லப்போவது முன்னே சொன்னதற்கு மாறாக இருக்கும்.

வரைபடத்தில் முதலில் தலைப்பு, அடுத்து ஆண்டு, அடுத்து அது சதவீதமா எண்ணிக்கையா என்று பார்க்க வேண்டும். எது கூடியது, எது குறைந்தது என்று பார்த்தாலே பாதி வேலை முடிந்தது.

பிழை பயம் வேண்டாம்

தப்பு வந்துவிடுமோ என்று பயந்து காலியாக விடுவதுதான் பெரிய நஷ்டம். சி.பி.எஸ்.இ. முந்தைய ஆண்டுகளில் வெளியிட்ட விடைத்தாள் திருத்தும் குறிப்புகளில், வாசிப்பு பகுதியில் எழுத்துப்பிழை, இலக்கணப்பிழைக்காக மதிப்பெண் குறைக்க வேண்டாம் என்று கூறப்பட்டது உண்டு. கருத்து சரியாக இருக்கிறதா என்பதே முக்கியம். தவறான விடைக்கு மதிப்பெண் கழிப்பதும் பொதுத்தேர்வில் கிடையாது.

அதற்காக பத்தியை அப்படியே அள்ளிப்போட்டு காப்பி அடிக்கக்கூடாது. கேட்டதற்கு மட்டும், சின்ன வாக்கியமாக, சொந்த நடையில் எழுதினால் போதும்.

3 மணி நேரத்தில் 80 மதிப்பெண் என்றால் 20 மதிப்பெண்ணுக்கு 45 நிமிடம். அதற்கு மேல் இந்த பகுதியில் உட்காரக்கூடாது.

பெற்றோர் என்ன செய்யலாம்?

ஆங்கிலம் தெரியாத அப்பா, அம்மாவும் உதவ முடியும். சி.பி.எஸ்.இ. இணையதளத்தில் மாதிரி வினாத்தாளும், அதற்கான விடைக்குறிப்பும் இலவசமாக கிடைக்கின்றன. செல்போனிலேயே பார்க்கலாம். தினமும் ஒரு பேசேஜ் போதும். வேலை முடிந்து வந்ததும் பிள்ளையை பக்கத்தில் உட்கார வைத்து, "இதுல என்னம்மா சொல்லியிருக்கு, தமிழ்ல சொல்லு" என்று கேளுங்கள். நாலு வரியில் பிள்ளை சொல்லிவிட்டால் பத்தி புரிந்துவிட்டது என்று அர்த்தம். திணறினால், மறுபடி ஒருமுறை படிக்கச் சொல்லுங்கள். "இது எந்த வரியில இருக்கு?" என்று ஒவ்வொரு பதிலுக்கும் கைவைத்து காட்டச் சொல்லுங்கள்.

அரையாண்டு தேர்வு வரை காத்திருக்காமல் பள்ளி திறந்த மாதத்திலேயே இதை ஆரம்பித்தால், பொதுத்தேர்வு வரும்போது நூறு பேசேஜுக்கு மேல் கை பழகியிருக்கும். அதன் பிறகு எந்த பத்தி வந்தாலும் புதுசாக தெரியாது.