பருவகாலத் தொழிலாளரும் வேலையிழப்புக் காப்புறுதியும்

ஆண்டின் சில மாதங்களில் மட்டுமே வேலை கிடைக்கும் தொழில்களைச் சார்ந்து வாழ்வோரைப் பருவகாலத் தொழிலாளர் என்கிறோம். இவர்களின் வேலையிழப்பு முன்கூட்டியே தெரிந்த ஒன்று. காப்புறுதியோ எதிர்பாராத இழப்பை ஈடுசெய்வதற்கு ஏற்பட்டது. எனவே, இவர்களைத் திட்டத்துள் சேர்ப்பதா என்னும் வினா நெடுநாளாகவே இருந்து வருகின்றது. அனைத்துலகத் தொழிலாளர் அமைப்பின் 1934ஆம் ஆண்டு உடன்படிக்கை, இவர்களுள் ஒரு பகுதியினரை விலக்கிவைக்க நாடுகளுக்கு இடமளித்தது. 1988ஆம் ஆண்டு உடன்படிக்கையோ தகுதிக்கால விதியை இவர்களின் தொழில்நிலைக்கேற்ப அமைக்க முயலுமாறு கூறியது.

மலேசியத் தமிழர்க்கு இச்சிக்கல் புதிதன்று. மழை பெய்த காலையில் ரப்பர்த் தோட்டத்தில் மரம் வெட்ட இயலாது; இலையுதிர் காலத்தில் பாலும் குறையும். நாள் கணக்கில் கூலி பெற்ற குடும்பத்திற்கு இவை பசி நாள்கள். 1955ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டத்தின் 16ஆம் பிரிவு இதனைக் கருத்திற்கொண்டது. நாட்கூலி அடிப்படையில் அமர்த்தப்பட்ட தோட்டத் தொழிலாளிக்கு மாதத்தில் 24 நாளேனும் முதலாளி வேலை தரவேண்டும். தராத நாள்களுக்குக் கூலி தரவேண்டும் என்றது. பருவத்தின் சுமையைச் சட்டம் முதலாளியின் தோளில் ஏற்றியது எனலாம்.

2017இல் நிறைவேறிய வேலைவாய்ப்புக் காப்புறுதிச் சட்டம் வேறு வழியை மேற்கொண்டது. தொழிலாளியும் முதலாளியும் ஊதியத்தில் தலா 0.2 விழுக்காடு செலுத்த, வேலையிழந்தவர்க்கு முதல் மாதம் 80 விழுக்காடும் அடுத்த மாதம் 50 விழுக்காடும், பின்னர் படிப்படியாகக் குறைத்தும், அதிகபட்சம் ஆறு மாதங்கள் உதவித்தொகை வழங்க அச்சட்டம் வகைசெய்தது. முதன்முறை கோருவோர் முந்தைய 24 மாதங்களில் 12 மாதங்களேனும் சந்தா கட்டியிருத்தல் வேண்டும். அவை தொடர்ச்சியாக இருக்க வேண்டுவதில்லை. ஆண்டுக்கு ஆறு மாதம் வேலை செய்பவர் இரண்டு பருவங்களில் இத்தகுதியை எட்டிவிடுவார். ஆகவே, தடை தகுதிக்காலத்தில் இல்லை. ‘வேலையிழப்பு’ என்னும் சொல்லுக்குத் தரப்பட்ட பொருளில்தான் உள்ளது. தானாக விலகுதல், பணி ஓய்வு, ஒழுங்கீனத்தால் நீக்கம் ஆகியவற்றோடு, குறித்த கால ஒப்பந்தம் முடிவடைதலும் வேலையிழப்பு ஆகாது என அச்சட்டம் வரையறுத்தது. பருவ வேலை பெரும்பாலும் முடிவதே அவ்வாறுதான்! பருவந்தோறும் சந்தா கட்டியவரும் வாயிலில் நிறுத்தப்படுகின்றார். இவ்வரையறை பருவத் தொழிலாளரை எண்ணிப்பாராது எழுந்தது என்றே நாம் கருதுகின்றோம்.

கனடா இதற்கு மாறான பாதையில் சென்றது. அங்கு 1940இல் வேலையிழப்புக் காப்புறுதிச் சட்டம் தோன்றியபோது மீனவர் அதில் இல்லை, 1950களில்தான் சேர்க்கப்பட்டனர். ஏனையோர்க்கு உழைத்த மணிநேரம் தகுதியாக இருக்க, மீனவர்க்கு மீன் விற்று ஈட்டிய வருவாயே அளவுகோலாயிற்று. கடலில் மணிக்கணக்கு செல்லாது அல்லவா! எனினும் உதவித்தொகை முடிந்தபின் அடுத்த பருவம் தொடங்கும்வரை வருவாயற்ற வாரங்கள் சில எஞ்சின. அவ்விடைவெளியை நிரப்ப, 2018இல் பதின்மூன்று வட்டாரங்களின் பருவகாலத் தொழிலாளர்க்கு மேலும் ஐந்து வாரங்கள் சேர்க்கப்பட்டன.

மலேசியச் சட்டத்திலும் ஒரு சிறு திறப்பு உண்டு. ஒப்பந்தத்தில் குறித்த நாளுக்கு முன்னரே முதலாளி வேலையை நிறுத்திவிட்டால் அது வேலையிழப்பே. 60 நாள்களுக்குள் சொக்சோவிடம் விண்ணப்பிக்கலாம். ஒப்பந்தப் படியும் வேலைநீக்கக் கடிதமும் கையில் இல்லாதவர்க்கு இதனை மெய்ப்பிப்பது கடினம்.