மஹசீர் மீனும் தூண்டிற் சாதனத் தேர்வும்

இந்திய ஆறுகளில் வாழும் மீன்களுள் தூண்டிலுக்கு மிகுந்த வலிமையோடு எதிர்நிற்பது மஹசீர் ஆகும். கெண்டைக் குடும்பத்தைச் சேர்ந்த இம்மீன் இமயமலை அடிவாரத்து ஆறுகள் முதல் காவிரி வரை, கல்லும் பாறையும் நிறைந்து விரைந்தோடும் நீரில் காணப்படுகிறது. பிடித்த மீனைக் கரையில் கொன்று எடை பார்த்து மகிழ்ந்த காலம் ஒன்று இருந்தது. காவிரியின் கிளையாகிய கபினியில் 1946ஆம் ஆண்டு பிடிபட்ட மஹசீர் ஒன்று 120 இராத்தல், அதாவது ஏறத்தாழ 54 கிலோகிராம் எடை இருந்தது. அத்தகைய மீனை இன்று காண்பது அரிது. இமயப்பகுதியின் பொன்னிற மஹசீர் அழிவை எதிர்நோக்கும் மீனாகவும், காவிரியின் திமில் மஹசீர் அதனினும் மிக மோசமான நிலையில் உள்ள மீனாகவும் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் பட்டியலில் இடம்பெற்றுள்ளன. ஆதலின் அனுமதி பெற்றுத் தூண்டில் இடும் இடங்களில், பிடித்த மீனை உயிரோடு ஆற்றில் விடுவதே முறையாகிவிட்டது.

இம்முறை தோன்றியபின் சாதனத் தேர்வின் பொருளும் மாறியது. முன்னர் முள்ளும் நூலும் மீனைக் கரை சேர்க்கப் போதுமானவையா என்பது மட்டுமே கேள்வி. இப்போது கரை சேர்ந்த மீன் மீண்டும் நீந்திச் செல்லும் நிலையில் இருக்குமா என்பதும் அதனுடன் சேர்ந்துவிட்டது. மிகத் தடித்த சாதனம் மீனை ஏமாற்றாது. மிக மெல்லிய சாதனமோ மீனை ஏமாற்றும். ஆனால் அதனை நெடுநேரம் அலைக்கழித்துக் கொன்றுவிடும். மெல்லிய நூலில் பெரிய மீனைப் பிடிப்பதே திறமை என்னும் எண்ணம் தூண்டிற்காரர் பலரிடம் உண்டு. மஹசீரைப் பொறுத்தவரை அது தவறான பெருமையாகும்.

வாயும் முள்ளும்

மஹசீரின் தாடைகளில் பற்கள் இல்லை. பற்கள் அனைத்தும் தொண்டையில், செவுள்களுக்குப் பின்னே அமைந்துள்ளன. நத்தை, நண்டு முதலியவற்றின் ஓட்டை அங்கேதான் அது நசுக்குகிறது. பாசி, ஆற்றோரத்து மரங்களிலிருந்து விழும் பழம், பூச்சி, சிறு மீன் ஆகிய யாவும் அதன் உணவே. உதடுகள் தடித்தவை, வாய் முன்னே நீண்டு கீழ்நோக்கித் திறக்கும். தாடைகளை இறுக்கி மூடும் வலிமை மிகுதி. மெல்லிய கம்பியாலான முள் அவ்வாயில் நிமிர்ந்துவிடும். மட்டமான மும்முள் நசுங்கிப்போவதும் உண்டு. மதராஸ் சிவில் சர்வீஸைச் சேர்ந்த எச். எஸ். தாமஸ் என்பவர் 1873ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘தி ராட் இன் இந்தியா’ என்னும் நூலில் மஹசீருக்கென விரிவாக எழுதினார். அவர் காலந்தொட்டுத் தூண்டிற்காரர்கள் முள்ளின் உறுதியைப் பற்றிக் கவலைப்பட்டே வந்துள்ளனர்.

கடையில் விற்கும் பொய்யிரைகளில் பெரும்பாலும் மும்முள் பொருத்தப்பட்டிருக்கும். அதனைக் கழற்றிவிட்டுத் தடித்த கம்பியாலான ஒற்றை முள்ளை மாட்டுவது நலம். மும்முள்ளின் ஒரு நுனி உதட்டில் பதிய, மற்றொன்று கண்ணிலோ செவுள் மூடியிலோ குத்தக்கூடும். முள் நுனிக்குக் கீழே பின்னோக்கி நிற்கும் எதிர்முள்ளையும் குறடு கொண்டு அழுத்தி மட்டமாக்கிவிடல் வேண்டும். அவ்வாறு செய்தால் மீன் நழுவிவிடும் என்று அஞ்சுவோர் உண்டு. நூல் தளராமல் இருக்கும்வரை அது எளிதில் நழுவுவதில்லை. துருப்பிடிக்காத எஃகு முள்ளைத் தவிர்ப்பதற்கும் காரணம் உண்டு. நூல் அறுந்தால், சாதாரண முள் மீனின் வாயில் நாளடைவில் துருவேறித் தேய்ந்துபோகும். எஃகு முள் நீடித்து நிற்கும்.

நூலும் ரீலும்

முள் பதிந்தவுடன் மஹசீர் ஆற்றின் போக்கில் ஒரே பாய்ச்சலாக ஓடும். முதல் ஓட்டத்திலேயே நூறு மீட்டர் நூல் ரீலிலிருந்து போய்விடக்கூடும். பெரும்பாலான மீன்கள் கைநழுவுவது இந்த ஓட்டத்தின்போதுதான். காரணம் யாதெனில், ரீலின் உராய்வுத் தடை எவ்வாறு வேலை செய்கிறது என்பதைப் பலர் அறியாமையே.

நூல் சுற்றிய உருளை தடையின்றிச் சுழலாதவாறு வட்டத் தகடுகள் அதனை அழுத்திப் பிடித்திருக்கும். இவ்வழுத்தம் தரும் எதிர்த்திருப்பம் ஏறத்தாழ மாறாத அளவினது. ஆனால் உருளையைச் சுழற்ற நூலில் தேவைப்படும் இழுவை, அந்த எதிர்த்திருப்பத்தை நூற்சுற்றின் ஆரத்தால் வகுத்து வருவதாகும். நூல் முழுமையாக இருக்கையில் சுற்றின் ஆரம் 3 செ.மீ. எனவும், இழுவை 3 கிலோகிராம் எனவும் கொள்வோம். நூலின் பெரும்பகுதி ஓடியபின் ஆரம் 2 செ.மீ. ஆகுமாயின், திருகாணியைத் தொடாமலேயே இழுவை 4½ கிலோகிராம் ஆகிவிடும். ஆரம் 1½ செ.மீ. ஆகிவிட்டால் அது 6 கிலோகிராம். இத்துடன், ஆற்று நீரில் வளைந்து கிடக்கும் நீண்ட நூலின் மீது நீரோட்டம் செலுத்தும் இழுப்பும், தூண்டிற்கோலின் வளையங்களில் ஏற்படும் உராய்வும் சேர்கின்றன. மறுபுறம், நூலில் இட்ட முடிச்சு அதன் வலிமையைக் குறைத்திருக்கும். 9 கிலோகிராம் தாங்கும் எனப் பெட்டியில் அச்சிடப்பட்ட நூல் இந்நிலையில் அறுவதில் வியப்பில்லை.

எனவே தொடக்கத்திலேயே நூலின் தாங்குவலிமையில் நான்கில் ஒரு பங்கு, மிஞ்சினால் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கே தடையை அமைத்தல் வேண்டும். இதனைக் கைக்கணக்காக மதிப்பிடாமல் விற்தராசில் கட்டி இழுத்துப் பார்ப்பதே சரி. நூல் வெகுதூரம் ஓடிவிட்டதைக் கண்டு பதறித் தடையை இறுக்குவது இயல்பான செயல். ஆயினும் செய்யவேண்டியது அதற்கு நேர்மாறானது. அப்போது தடையைச் சற்றுத் தளர்த்த வேண்டும், அல்லது கரையோரமாக மீனைப் பின்தொடர்ந்து சென்று நூலைத் திரும்பச் சுற்றிக்கொள்ள வேண்டும்.

பள்ளியில் இதனைக் காட்டுவது எளிது. தையல் நூற்கண்டு ஒன்றைப் பென்சிலில் கோத்து, அதன் இரு பக்கங்களையும் மரத்துண்டுகளால் ஒரே அளவில் அழுந்தும்படி கட்டி, நூல் நுனியைச் சிறு விற்தராசில் மாட்டி மெல்ல இழுக்கலாம். கண்டு நிறைந்திருக்கும்போதும், அதன் பெரும்பகுதி குறைந்தபின்னும் தராசு காட்டும் அளவுகளை மாணவர் ஒப்பிடலாம்.

நூலின் வகையைப் பற்றிச் சில சொற்கள். நைலான் 1935ஆம் ஆண்டில் அமெரிக்காவில் உருவாக்கப்பட்டது. அதற்குமுன் பட்டு நூல் வழக்கில் இருந்தது. அதனை நாள்தோறும் உலர்த்தாவிடில் மக்கிவிடும். நைலான் மக்குவதில்லை. ஆனால் நீரில் ஊறியபின் அதன் வலிமை சற்றுக் குறையும். வெயிலில் நெடுங்காலம் கிடந்தாலும் நலியும். அது இழுபட்டு நீளக்கூடியது. மஹசீரின் திடீர்ப் பாய்ச்சலை ஓரளவு தாங்கிக்கொள்வதால் இந்நீட்சி இங்கு ஒரு நன்மையே. பின்னர் வந்த பாலிஎதிலீன் பின்னல் நூல் அதே தடிமனில் பன்மடங்கு வலிமை உடையது. எனினும் நீள்வதில்லை, கூரிய பாறையில் உரசினால் எளிதில் அறுகிறது. ஆகவே பின்னல் நூலைப் பயன்படுத்துவோர், முள்ளுக்கு அருகே சில மீட்டர் நீளம் தடித்த நைலான் நரம்பை இணைத்துக்கொள்ளுதல் நல்லது. நைலானில் முடிச்சை இறுக்குமுன் நீரால் நனைத்தல் வேண்டும். உலர்ந்த முடிச்சு இறுகும்போது எழும் உராய்வுச் சூடு நரம்பையே பழுதாக்கும்.

ரீலைக் குறித்து ஒரு செய்தி. ஒரு முறை கைப்பிடியைச் சுற்றினால் உருளை பல முறை சுழலும் பெருக்கி ரீல், 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் அமெரிக்காவின் கென்டக்கியில் கடிகாரம் செய்வோரின் கைத்திறத்தால் பாஸ் மீன்பிடிப்புக்கென வளர்ந்தது. அந்நாட்டார் பிளந்த மூங்கிலால் தூண்டிற்கோல் செய்யத் தொடங்கியபோது, கல்கத்தாவிலிருந்து சென்ற இந்தியக் கல்மூங்கிலைப் பயன்படுத்தினர். இன்று கோல்கள் கண்ணாடி இழையாலும் கரியிழையாலும் ஆனவை.

கோலின் நெம்புகோல் கணக்கு

தூண்டிற்கோலை எவ்வளவு உயர்த்துகிறோமோ அவ்வளவு வலிமையாக மீனை இழுக்கிறோம் என்பது பொதுவான நம்பிக்கை. உண்மையில் கோல் மீனுக்குச் சாதகமான நெம்புகோல். கோலின் அடி இடுப்பில் ஊன்றியிருக்க, முன்கை அதிலிருந்து அரை மீட்டர் தூரத்தில் பற்றியிருப்பதாகக் கொள்வோம். நூலின் இழுவைக் கோட்டிற்கும் கோலின் அடிக்கும் இடையே செங்குத்துத் தூரம் 2 மீட்டர் எனில், 3 கிலோகிராம் இழுவையைத் தாங்க முன்கை 12 கிலோகிராம் விசை செலுத்த வேண்டும். தூண்டிற்காரரின் கை சோர்கிறது. மீனோ அத்துணை இடர்ப்படுவதில்லை. கோலைப் பக்கவாட்டில் தாழ்த்தி, நீர்ப்பரப்பிற்கு அருகே பிடித்து இழுத்தால் மீனின் தலை திரும்பும். தலை திரும்பிய மீனால் நேராக நீந்த இயலாது. போராட்டத்தின் நேரத்தைக் குறைக்க இதைவிட நல்ல வழி இல்லை.

நேரத்தைக் குறைப்பது ஏன் முக்கியம் என்பதை நீரின் உஷ்ணநிலை விளக்கும். 15 பாகை உஷ்ணத்தில் ஒரு லிட்டர் நன்னீரில் ஏறத்தாழ 10 மில்லிகிராம் பிராணவாயு கரைந்திருக்க இயலும். 30 பாகையில் ஏறத்தாழ 7½ மில்லிகிராமே. கடுமையாகப் போராடிய மீனின் தசைகளில் லாக்டிக் அமிலம் சேர்கிறது. அதனை நீக்கப் பிராணவாயு மிகுதியாகத் தேவைப்படுகிறது. கோடைக்காலத்துக் காவிரியில் தேவை மிகும் வேளையில் கிடைப்பதோ குறைவு. ஆதலின் இமயத்துக் குளிர்ந்த நீருக்குப் போதுமான மெல்லிய நூல், தென்னாட்டு வெப்ப நீருக்குப் பொருந்தாது. மீனின் எடை ஒன்றாயினும் நூலை ஒரு படி தடிப்பாகவே தேர்தல் வேண்டும்.

ஆற்றுக்கேற்ற முறை

இமயமலை ஆறுகளில் கோடை முதிர்ந்து பனி உருகத் தொடங்கினால் நீர் கலங்கிவிடும். அதற்கு முன்னும், பருவமழை ஓய்ந்து நீர் தெளிந்த பின்னும் தூண்டிலுக்கு ஏற்ற காலம். தெளிந்த கிளையாறு ஒன்று பேராற்றில் கலக்கும் இடமே முதலில் நோக்கத்தக்கது. கலங்கல் நீரின் ஓரத்தில் மஹசீர் இரைக்காகக் காத்திருக்கும். அங்கு உலோகத்தாலான கரண்டி வடிவப் பொய்யிரை நன்கு பயன்படுகிறது. நீர் தெளிவாயின் சிறியதும் மங்கலானதும், சற்றுக் கலங்கலாயின் பெரியதும் பளபளப்பானதும் ஏற்றவை. சுழலும் இரை நூலை முறுக்கிவிடுமாதலால், இரண்டுக்கும் இடையே ஒரு சுழல்வளையம் இன்றியமையாதது. மழைக்காலத்தில் மீன்கள் முட்டையிடக் கிளையாறுகளின் சரளைப் படுகைகளுக்கு ஏறிச்செல்கின்றன. அக்காலத்தில் தூண்டிலே கூடாது.

காவிரியில் முறை வேறு. அங்கே கேழ்வரகு மாவே பேரிரை. மாவைக் கெட்டியாகப் பிசைந்து வேகவைத்து, எலுமிச்சை அளவில் முள்ளைச் சுற்றி உருட்டிப் பிடிக்கின்றனர். நீரோட்டம் கடுமையாயின் மாவும் கடினமாதல் வேண்டும். இல்லையேல் சிறு மீன்கள் கொறித்துத் தீர்த்துவிடும். அடியில் கிடக்கும் இவ்விரையை மஹசீர் சாவதானமாக விழுங்கக்கூடும். கோலைக் கரையில் ஊன்றிவிட்டு அப்பால் செல்வோரின் முள், உதட்டில் பதியாமல் தொண்டையில் பதியும் அபாயம் இதனால் உண்டு. அவ்வாறு பதிந்தால் மீன் பிழைப்பது அரிது. நூலை விரல்களுக்கிடையே பிடித்து, முதல் அசைவிலேயே இழுக்க வேண்டும். நுனி உள்நோக்கி வளைந்த வட்டமுள் இங்குப் பெரிதும் உதவும். அது பெரும்பாலும் வாயின் ஓரத்திலேயே பதியும். பாறையிடுக்கில் நூல் சிக்கினால், இழுத்து அறுப்பதைவிடப் பரிசலில் சென்று மறுபுறமிருந்து விடுவிப்பது அங்குள்ளோர் வழக்கம்.

கரைக்கு வந்த மீனை முடிச்சில்லாப் பின்னலாலான கைவலையில், நீரிலேயே வைத்து முள்ளை அகற்றுதல் வேண்டும். உலர்ந்த கை மீனின் மேலுள்ள கொழகொழப்பான காப்புப் படலத்தை நீக்கிவிடும். நீரைவிட்டு எடுத்தால் செவுளின் மெல்லிய இதழ்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், மூச்சு நின்றுவிடும். பின்னர் மீனை நீரோட்டத்தை நோக்கி நிறுத்தி, தானே கைவிட்டு விலகும் வரை தாங்கிப் பிடிக்க வேண்டும்.

ஏடும் படமும்

தூண்டிற்காரரின் பதிவேடுகள் விஞ்ஞானத்திற்குச் செய்த உதவிக்குக் காவிரியே சான்று. காவிரி வன உயிரினப் புகலிடத்தில் இருந்த தூண்டில் முகாம்களில் 1998 முதல் 2012 வரை பிடிபட்ட மீன்களின் கணக்கு எழுதி வைக்கப்பட்டிருந்தது. பின்னர் அங்குத் தூண்டில் நிறுத்தப்பட்டது. அக்கணக்கை 2015இல் ஆய்ந்தபோது, மொத்த மஹசீர் எண்ணிக்கை பெருகியிருந்தும் திமில் மஹசீர் அருகிவந்தது தெரிந்தது. பெருகியிருந்தது நீலத் துடுப்பு மஹசீர். அது லோனாவ்லாவில் செயற்கை முறையில் பொரிக்கப்பட்டுப் பல ஆறுகளில் விடப்பட்ட இனம், காவிரிக்கு உரியதன்று. மொத்த எண்ணிக்கையை மட்டும் நோக்கியிருந்தால் ஆறு செழிப்பதாகவே தோன்றியிருக்கும். திமில் மஹசீரின் அறிவியற் பெயர் டோர் ரெமாதேவி என்பது 2018இல்தான் உறுதியாயிற்று. முன்னர் காவிரியின் மற்றொரு கிளையாகிய பாம்பாற்றில் கண்டு பெயரிடப்பட்ட இனமே இது.

ஆகவே அனுமதிச்சீட்டு வழங்கும் இடங்களில் களப்பணியாளர் கேட்டுப் பெறவேண்டிய விவரங்கள் சில உள. மீனின் நீளத்தை முகவாய் நுனியிலிருந்து வால் பிளவு வரை அளந்து குறித்தல் வேண்டும். ஊகித்த எடை பயன்படாது. தூண்டில் இட்ட மணிநேரத்தையும், மீன் ஒன்றும் கிட்டாத நாட்களையும் எழுதுதல் வேண்டும். அவையின்றி ஓராண்டின் பிடிப்பை மற்றோராண்டுடன் ஒப்பிட இயலாது. எந்த முள், எத்தனை நிமிடப் போராட்டம், முள் பதிந்த இடம் எது என்பனவும் வேண்டும். படம் எடுப்பதாயின், மீனை நீர்ப்பரப்பில் பக்கவாட்டில் வைத்துத் துடுப்புகள் விரிந்து தெரியும்படி எடுத்தல் நலம். திமில் மஹசீரின் துடுப்பு செம்மஞ்சள் நிறமானது; மற்றதன் துடுப்பு நீலம் பாய்ந்தது.