விளம்பர இசைப்படங்கள்: சேகரிப்போர் ஆர்வமும் மொழிபெயர்ப்புத் தடயங்களும்

திரையரங்குகளில் முழுநீளப் படத்திற்கு முன்னரும் இடைவேளையிலும் காட்டப்பெற்ற பழைய விளம்பர இசைப்படங்களைத் திரைச்சுருள் சேகரிப்போர் பெரிதும் விரும்புகின்றனர். 35 மி.மீ. சுருளில் ஒரு நிமிடப் படத்தின் நீளம் 90 அடியே. இவற்றுள் பலவற்றில் பாடியோர் பெயரோ ஆண்டோ குறிக்கப்பெறுவதில்லை. விற்பனைக்காலம் முடிந்ததும் இவை கழிக்கப்பட்டன. எனவே, அருமையும் அடையாளம் காணும் ஆர்வமும் இவ்விருப்பத்தின் முதற்காரணங்கள் எனலாம். கலைமதிப்பு மற்றொரு காரணமாகும். 1935இல் பிரித்தானிய அஞ்சல்துறைக்காக லென் லை உருவாக்கிய படம், கியூப நடன இசைக்கேற்பச் சுருளின் மீதே வண்ணந்தீட்டிப் பொதி அஞ்சலை விளம்பரப்படுத்தியது.

மொழியியலார்க்கு இவற்றின் பயன் வேறு. காட்சியும் மெட்டும் மாறாதிருக்க, சொல் மட்டும் மொழிதோறும் மாறுகிறது. சான்றாக, வாங்குமாறு வேண்டும் ஏவல் வினையைக் கருதலாம். இந்தியில் 'கரீதியே' நான்கு அசை. தமிழில் 'வாங்குங்கள்' மூன்று. மலையாளத்தில் 'வாங்ஙூ' இரண்டு. (அசை என்பது இங்கு யாப்பிலக்கணப் பொருளில் அன்று, மொழியியற் பொருளிலேயே ஆளப்படுகிறது.) நான்கு அசைக்கு அமைந்த மெட்டில் தமிழ்ப் பாடலாசிரியர் ஓர் உயிரை நீட்டலாம், விளிச்சொல் சேர்க்கலாம், வினையையே விலக்கிப் பெயர்ப் பயனிலையால் முடிக்கலாம். 'வாங்குங்க' என்னும் பேச்சு வடிவமும் மூன்றசையே ஆதலின், எழுத்துவழக்கா பேச்சுவழக்கா என்னும் தேர்வை அசையெண்ணிக்கை தீர்மானிப்பதில்லை. அது நடைபற்றிய தேர்வாகும்.

இவ்வேறுபாட்டை ஆராய எல்லைப்பகுதிகள் ஏற்றவை. 1956 நவம்பர் 1இல் விளவங்கோடு உள்ளிட்ட நான்கு வட்டங்கள் சென்னை மாநிலத்துடன் இணைந்தன. நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. அவ்வட்டத்திலுள்ள காரோட்டிற்கு மலையாளம் வழங்கும் பாறசாலையும் தமிழகத்தின் களியக்காவிளையும் அண்மையன. இருமொழியும் அறிந்த இத்தகைய ஊரார், ஒரே மெட்டின் இரு வடிவங்களுள் எது இயல்பாக ஒலிக்கிறது, எதில் மொழிபெயர்ப்பின் சாயல் தெரிகிறது என மதிப்பிடத் தகுதியுடையோர்.

ஆனால், காட்சி ஒன்றே என்னும் காரணத்தால் ஒரு மொழிப்படியை மட்டும் பாதுகாத்தால் இவ்வொப்பீடு இயலாது. சேகரிப்போர் பிற படிகளை மிகையெனக் கழிக்காமல், ஒவ்வொரு மொழியின் ஒலித்தடத்தையும் தனிப்பதிவாகக் குறித்தல் வேண்டும். படம் ஒன்றாயினும் பனுவல்கள் பல.