லாரி எழுப்பும் நீர்த்திரை

மழையில் கனரக லாரியை முந்தும் காரோட்டிக்குச் சில நொடிகள் வெள்ளைப் படலம் மட்டுமே தெரியும். வைப்பர் எவ்வளவு வேகமாக ஓடினாலும் பயனில்லை. டயர் வாரியெறியும் தண்ணீர் மட்கார்டின் உட்புறத்தில் மோதிப் பொடித்துளியாகச் சிதற, வண்டியைச் சுற்றிச் சுழலும் காற்று அதைப் பக்கத்துத் தடத்துக்குத் தள்ளுகிறது. மோதும் வேகத்தைத் தணித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. ஐரோப்பிய நாடுகளுக்காக 1991இல் வகுத்த தரவிதியின் அடிப்படை இதுதான். மட்கார்டுக்குள்ளும் பின்னால் தொங்கும் மட்ஃபிளாப்பிலும் செயற்கைப் புல்தரை போன்ற பிளாஸ்டிக் பரப்பு. அதில் சிக்கும் நீர் வேகமிழந்து கீழே வழிகிறது.

சேறு அடைத்தால் இது வீண்தானே என்பார்கள். உண்மைதான், கழுவ வேண்டும். சாலையையே மாற்றலாமே என்பது கனமான வாதம். நெதர்லாந்தின் பெரும்பாலான நெடுஞ்சாலைகளில் நீரை உள்வாங்கும் நுண்துளைத் தார்ப்பரப்பு உண்டு. ஆனால் துளைகள் அடைபடும், கற்களும் சீக்கிரம் பெயரும். மட்ஃபிளாப்போ வண்டி போகும் சாலைக்கெல்லாம் கூடவே வரும். சிக்கல் வேறிடத்தில்: செலவு லாரி உரிமையாளருக்கு, பலன் பின்னால் வருபவருக்கு. அவரவர் நல்லெண்ணத்துக்கு இதை விட முடியாது. பிரிட்டனில் லாரிகளின் வருடாந்தரத் தகுதிச் சோதனையில் இந்தத் தடுப்பையும் பார்க்கிறார்கள்.