மனக்கலக்கமும் மூலிகை மருந்தும்

காய்ச்சல் கண்டவரின் நெற்றியைத் தொட்டால் கை சுடும். கால் முறிந்தவரின் கட்டு எல்லோர் கண்ணுக்கும் தெரியும். மனக்கலக்கத்தால் வாடுவோருக்கோ அத்தகைய சாட்சி எதுவும் இல்லை. நெஞ்சு படபடக்கும், உள்ளங்கை வியர்க்கும், உறக்கம் அணுகாது. அருகிலிருப்போரோ, "உனக்கு என்ன குறை?" என்று கேட்டு அகன்று விடுவர்.

கிழக்கே கடலும் மேற்கே வாவியுமாக அமைந்த பெரியகல்லாற்றில் இத்துயரை எவருக்கும் விளக்க வேண்டியதில்லை. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் திகதி ஆழிப்பேரலை இக்கரையைத் தாக்கிற்று. 2009இல் முடிவுற்ற போரோ எமது மாவட்டத்தில் எத்தனையோ இல்லங்களை வெறுமையாக்கிற்று. இவற்றின் நினைவோடு வாழ்வோர் ஒருபுறம்; பரீட்சை நெருங்க நெருங்க உணவும் உறக்கமும் இழக்கும் மாணவர் மறுபுறம். இவர்களுக்கு நம் மூத்தோர் முதலிற் காட்டும் வழி மூலிகையே. அதனை மூடநம்பிக்கை என்று ஒதுக்குவதும் தவறு. சகல நோய்க்கும் சஞ்சீவி என்று கொள்வதும் தவறு. உணவாகும் மூலிகை வேறு, மருந்தாகும் மூலிகை வேறு என்பதை அறிதலே முதற்கடன்.

ஈரநிலங்களில் படர்ந்து வளரும் வல்லாரை உணவாகும் மூலிகை. இலையை நன்கு கழுவி அரிந்து, தேங்காய்ப்பூ, சின்ன வெங்காயம், பச்சைமிளகாய் சேர்த்துத் தேசிக்காய்ப் புளி விட்டுச் சம்பலாக்கி உண்பது நமது வழக்கம். கனடாவில் 40 பேரைக் கொண்டு நடத்தப்பெற்று 2000ஆம் ஆண்டில் வெளியான ஆய்வொன்றில், வல்லாரை உட்கொண்டோர் திடீர் ஓசைக்குத் திடுக்கிடுவது குறைந்திருந்தது. சிறிய ஆய்வே எனினும் புறக்கணிக்கத்தக்கதன்று. கழிவுநீர் கலக்கும் இடத்தில் மட்டும் இலை பறிக்கலாகாது.

அமுக்கிராக் கிழங்கோ மருந்தின் பாற்பட்டது. ஐதராபாத்தில் 64 பேருக்கு 60 நாட்கள் நடத்தப்பெற்று 2012இல் வெளியான ஆய்வில், அதன் வேர்ச்சாரம் மனவுளைச்சலைத் தணித்தமை காணப்பட்டது. ஆயினும் அதனை உட்கொண்ட சிலருக்கு ஈரல் பாதிப்பு ஏற்பட்டதாகவும் அறிக்கைகள் வந்துள்ளன; டென்மார்க் 2023இல் அதனைத் தடைசெய்தது. கர்ப்பிணிகளும் தைரொயிட் நோயுள்ளோரும் அதனைத் தாமாக உட்கொள்ளுதல் கூடாது.

மூலிகையின் வலிமையை உணர்த்தச் சர்ப்பகந்தியின் வரலாறு ஒன்றே போதும். சித்தப்பிரமைக்கும் இரத்த அழுத்தத்திற்கும் அவ்வேர் பயன்படுவதை 1931இல் கணநாத் சென், கார்த்திக் சந்திர போஸ் ஆகியோர் எழுதி வெளியிட்டனர். 1952இல் சுவிட்சர்லாந்து விஞ்ஞானிகள் அதிலிருந்து ரெசர்ப்பின் என்னும் பொருளைப் பிரித்தெடுத்தனர். மேல்நாட்டு மனநோய் வைத்தியசாலைகளில் அது பெருவழக்காயிற்று. ஆனால், அதனை உட்கொண்டோரிற் சிலர் கடும் மனச்சோர்வுக்கு ஆளாயினர் என வைத்தியர்கள் அறிவித்தனர். இரத்த அழுத்தம் அளவுக்கு மீறித் தாழ்வதும் உண்டு. கலக்கத்தைத் தணிக்கும் வேரே சோர்வில் ஆழ்த்தவும் வல்லதாயின், "பச்சிலைதானே, என்ன செய்யும்?" என்ற பேச்சுக்கு இடமேது?

ஆதலின் தாய்மார் சிலவற்றை மனத்திற் கொள்ளல் நன்று. பெயரறியாத பொடியை வாங்கிப் பிள்ளைக்குக் கொடுக்காதீர்கள். 1961ஆம் ஆண்டின் ஆயுர்வேதச் சட்டத்தின் கீழ்ப் பதிவு பெற்ற சுதேச வைத்தியரை நாடுங்கள். ஆங்கில வைத்தியர் தந்த குளிசையைக் கஷாயத்தை நம்பித் திடீரென நிறுத்தாதீர்கள். இரண்டும் உட்கொள்வதாயின் இரு வைத்தியருக்கும் அதனைச் சொல்லுங்கள்.

கலக்கம் பல வாரங்கள் நீடித்தாலோ, "இருந்து என்ன பயன்?" என்ற சொல் வாயில் வந்தாலோ, மூலிகையைத் தேடி நாளைக் கடத்தலாகாது. உடனே வைத்தியசாலைக்கு அழைத்துச் செல்லல் வேண்டும். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்னும் தொலைபேசி இலக்கத்திலும் உதவி கேட்கலாம். இதில் வெட்கப்பட ஏதுமில்லை.

வல்லாரைச் சம்பலை வாரம் இருமுறை உணவிற் சேருங்கள். பரிமாறும் கையோடு சற்று நேரம் அருகிலமர்ந்து, வாடியிருப்பவர் சொல்வதைக் குறுக்கிடாமற் கேளுங்கள். அந்த மருந்துக்கு அளவு மீறுதல் என்பதே இல்லை.