பட்டம் பெற்ற பின் சொராரிட்டியில் சேர்தல்

சொராரிட்டி என்பது அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் தோன்றிய மகளிர் சங்கம் ஆகும். இளங்கலை பயிலும்போது இதில் சேர்வதே பெருவழக்கு. கமலா ஹாரிஸ் ஹோவர்டு பல்கலைக்கழகத்தில் படித்தபோது, 1986-இல், ஆல்பா கப்பா ஆல்பாவில் சேர்ந்தார். அந்த வாய்ப்பைத் தவறவிட்டவர்களுக்கும் வழி உண்டு. கறுப்பினப் பெண்கள் தொடங்கிய ஆல்பா கப்பா ஆல்பா, டெல்டா சிக்மா தீட்டா, சீட்டா ஃபை பீட்டா, சிக்மா காமா ரோ ஆகிய நான்கு சங்கங்களும் பட்டதாரிகளுக்கெனத் தனிக் கிளைகளை நடத்துகின்றன. மேற்படிப்பு மாணவிகளும் பணிபுரியும் பெண்களும் இவற்றில் சேரலாம். இளங்கலைப் பட்டம் கட்டாயம்.

இவ்வாறு சேர்வோரைப் பிந்தி வந்தவர்கள் என்று குறைத்து மதிப்பிடுவது தவறு. சிக்மா காமா ரோவை 1922-இல் இண்டியானாபொலிஸ் நகரில் நிறுவிய எழுவருமே ஆசிரியைகள்.

பட்டதாரிக் கிளைகள் பொதுவாக ஊரைச் சார்ந்தவை. கல்வி உதவித்தொகை, வாக்காளர் பதிவு போன்ற பணிகளைச் செய்பவை. ஆல்பா கப்பா ஆல்பாவின் பட்டதாரிக் கிளையில் அழைப்பின்றிச் சேர இயலாது. ஆகவே விண்ணப்பத்தைவிட அறிமுகமே முக்கியம். உறுப்பினர்களுடன் சேவைப் பணிகளில் பங்கேற்றுத்தான் அதைப் பெற முடியும். அவசரப்பட்டுக் கேட்பது பெரும்பாலும் எதிர்மாறான பலனையே தரும்.

சேர்க்கைக் கட்டணத்துடன் ஆண்டுச் சந்தாவும் உண்டு. துன்புறுத்தும் சடங்குகளை நான்கு சங்கங்களும் தடைசெய்துள்ளன. எவரேனும் அவற்றை வற்புறுத்தினால் மறுக்கலாம், புகாரளிக்கலாம். உறுப்புரிமை வாழ்நாளுக்கானது. ஒன்றில் சேர்ந்தவர் பின்னர் மற்ற மூன்றில் எதிலும் சேர முடியாது.